தரவு போதுமா

அந்தப் பகுதியில் விடை கேட்பதில்லை.
கொடுத்த தகவல் விடைக்குப் போதுமா,
அதைச் சொன்னால் சரி.
முதல் கூற்று மட்டும் போதும்.
இரண்டாவது மட்டும் போதும்.
இரண்டும் சேர்ந்தால்தான் போதும்.
சேர்ந்தாலும் போதாது.

நான்கு மாதம் இதைப் படித்தேன்
சிம்போத்தேயில், மீன்மாவு ஆலையின் கணக்கறையில்,
மாலை ஷிஃப்ட் போய் இரவு ஷிஃப்ட் வரும்
நாற்பது நிமிடத்தில்.
புத்தகத்தின் ஓரமெல்லாம் நெத்திலி வாடை.
இனி இதைப் பழைய கடைக்காரன்கூட வாங்க மாட்டான்.

கேள்விகளில் வரும் படகுகள் காலிப் படகுகள்.
நீரோட்டத்தை எதிர்த்துப் போகின்றன,
திரும்பி வருகின்றன,
எதையும் பிடிப்பதில்லை.

லிமாவுக்கு இரவுப் பேருந்து, ஏழு மணி நேரம்.
தேர்வு மையத்தில் உள்ளங்கையை ஸ்கேன் செய்த பெண்
மூக்கை ஒருமுறை சுருக்கினாள்.
பிறகு மிக மரியாதையாக
லாக்கர் சாவியை நீட்டினாள்.
நம் வாடை நமக்குத் தெரிவதே இல்லை.

அறுநூற்று நாற்பத்தைந்து.
மத்ரித்துக்குப் போதும், பார்சலோனா இழுபறி
என்றான் தம்பி எல்மர்.
அவனுக்கு இரண்டு ஊரும் கால்பந்து அணிகள்தான்.

பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்று
இன்ஜினியர் ரெய்னாவிடம் போய் நின்றேன்.
"நீயே எழுதிடு நெலிடா,
கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."
கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவர் குரலில் என்னைப் புகழ்வது
நினைத்த அளவு கஷ்டமாக இல்லை.
பொறுப்பானவர் என்றேன்.
இவர் இல்லாமல் மாதக்கணக்கு முடியாது என்றேன்,
அது உண்மையும்கூட.
மூன்றாம் கேள்வியில் கை நின்றுவிட்டது:
விண்ணப்பதாரருக்கு நீங்கள் சொன்ன
முக்கியமான திருத்தம் எது?
அதை அவர் எப்படி ஏற்றார்?

ஒன்பது ஆண்டில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று.
துறையின் எடைத்தொட்டி
டன்னுக்குப் பதினெட்டு கிலோ குறைத்துக் காட்டுகிறது,
எல்லாப் படகுக்கும், எல்லா நாளும் என்று
ஒரு தாளில் போட்டு எடுத்துப் போனேன்.
தாளை நான்காக மடித்து
என் கையிலேயே வைத்தார்.
"படிச்ச பொண்ணு.
எதை எண்ணக் கூடாதுன்னும் தெரிஞ்சுக்கணும்."

அப்படியே எழுதினேன், ஆங்கிலத்தில்.
எப்படி ஏற்றார் என்ற கட்டத்தில்:
உடனே ஏற்றுக்கொண்டார்.
அந்த ஆண்டு சம்பளம் உயர்ந்ததையும் சேர்த்தேன்.
சொற்கணக்குக்கு அது தேவைப்பட்டது.

மூக்குக்கண்ணாடி தேடியெடுத்துப் படித்தார்.
அந்தப் பத்தியை மட்டும்
ஸ்கேல் வைத்ததுபோல் நேராக அடித்தார்.
ஓரத்தில் எழுதினார்:
சில நாள் தாமதமாக வருவார்.
"இது போதும்" என்றார்.

நான் தாமதமாக வந்ததே இல்லை.

அவர் மின்னஞ்சலின் கடவுச்சொல்
நான் வைத்துக் கொடுத்தது.
கடிதத்தை ஏற்றப்போவதும் நான்தான்.
திரையில் இரண்டு கோப்பு திறந்திருக்கிறது.
ஒன்றில் நான் தாமதமாக வருகிறேன்.
மற்றதில் மடித்த தாளை வாங்கிக்கொண்டு
நன்றி சொல்கிறேன்.
ஆமாம், நன்றி என்றுதான் சொன்னேன்.
அதை எந்தக் கோப்பிலும் எழுதவில்லை.

வெளியே பனித்தூறலில் ஒரு படகு இறக்குகிறது.
குழாயில் மீன் விழும் சத்தம்.
எண் திரைக்கு வருகிறது: நாற்பத்திரண்டு டன்.
எழுநூற்று ஐம்பத்தாறு கிலோ, என்கிறது மனம்.
கால்குலேட்டர் இல்லாமல் பெருக்க
அந்தத் தேர்வு பழக்கிவிட்டது.
பேரேட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதுகிறேன்.

கடைசி நாள் வெள்ளி, நள்ளிரவு, மத்ரித் நேரம்.
இங்கே அது மாலை ஐந்தா ஆறா,
அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிட்டார்களா
பார்க்க வேண்டும்.